ஆமெனுக்குப் பிறகு ஏழு பேர்

கோயிலுக்குள் பொய் சொன்னவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். கோயிலையே ஆட்களால் நிரப்பிப் பொய் சொன்னவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதை இவ்வளவு காலம் எழுதாமல் விட்டதற்கு வெட்கம் காரணம் இல்லை. எங்கள் வீட்டில் இந்தக் கதையை வாரத்துக்கு ஒரு தடவையாவது யாராவது எடுத்துவிடுவார்கள், அதனால் எழுதி வைக்காவிட்டால் மறந்துபோகும் என்ற பயமே எனக்கு வரவில்லை. ஆனால் அவர்கள் சொல்கிற விதத்தில் நான் வரவர மோசமான ஆளாகிக்கொண்டு போகிறேன். போன கிறிஸ்மசுக்குச் சொன்னபோது நான் இரண்டு பஸ் வைத்து ஆள் ஏற்றியதாக வந்தது. (பஸ் எல்லாம் இல்லை. நடந்துதான் வந்தார்கள்.)

ஊரின் பெயரை எழுதமாட்டேன். உடப்புக்கும் மதுரங்குளிக்கும் இடையில், கடலுக்கும் ஒல்லாந்தர் வெட்டின வாய்க்காலுக்கும் நடுவில் கிடக்கிற ஒரு மணல் துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கரைப் பக்கம் முழுக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள், கடல் தொழில். ரோட்டுப் பக்கம் முஸ்லிம்களுடைய கடைகள். இரண்டுக்கும் நடுவில், யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டு எடுக்க மறந்துபோனது மாதிரி எங்கள் மெதடிஸ்த கோயில். ஆட்கள் இருக்க ஆறு நீள வாங்கு, ஒரு மேசை, ஒரு பிரசங்க பீடம், ஒரு மணி, வளவுக்குள் ஒரு கிணறு. வளவை ஒட்டி எங்கள் வீடு. சபையார் பெயர் எழுதின இடாப்பில் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் கனடாவில், ஒருவர் கொழும்பில் மகளோடு, இன்னொருவர் கட்டிலோடு. மிச்சம் ஏழு பேர். நான் ஒன்று, அப்பா ஒன்று. மற்ற ஐந்து பேரில் மூன்று பேருக்குக் காது கேட்காது, ஆகவே எங்கள் கோயிலில் பிரசங்கத்தைப் பற்றி ஒருநாளும் குறை வந்தது கிடையாது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. மதுரங்குளியில் ஒரு ரியூசன் கொட்டிலில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கோயிலுக்குச் செயலாளரும் நான்தான். போட்டியின்றித் தெரிவு செய்யப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பேனை பிடித்து எழுதக்கூடிய கை என்னுடைய கை ஒன்றுதான் என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை.

ஒரு நாள் சேகரத்திலிருந்து கடிதம் வந்தது. (பல சின்னக் கோயில்களைச் சேர்த்து ஒரு சேகரம், அதற்கு ஒரு குரு.) எங்கள் குருமார் நாலைந்து வருடத்துக்கு மேல் ஒரு இடத்தில் இருப்பதில்லை. கறியில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்லுமளவுக்குப் பழகியதும் மாற்றிவிடுவார்கள். அந்த முறையில் யாழ்ப்பாணத்திலிருந்து புதுக் குரு ஒருவர் வந்திருந்தார். அவர் எங்கள் ஆண்டுவிழா ஞாயிறன்று வருவார், சபையின் நிலைமையை நேரில் பார்ப்பார், அதன்பின் இங்கே ஞாயிறு ஆராதனை தொடர்வதா, அல்லது சபையாரைப் பட்டினத்துக் கோயிலோடு சேர்த்துவிடுவதா என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். கடிதத்தின் சாரம் அதுதான். விழாவில் வாசிப்பதற்குக் கோயிலின் வரலாற்றுச் சுருக்கம் ஒன்றையும் ஆயத்தம் செய்யும்படி கேட்டிருந்தார்கள்.

அப்பா கடிதத்தை வாசித்தார், நாலாக மடித்தார், வேதப் புத்தகத்துக்குள் வைத்தார், பிளேன்டீயைக் குடித்தார். அப்பா முப்பது வருடம் உப்பளத்தில் உப்பு நிறுத்த மனிதர். தராசின் முள் நிற்கும்வரை வாய் திறக்காமல் இருந்து பழகியவர். நான் ஒரு இடத்தில் குந்தியிருக்கத் தெரியாத பிறவி. கிணற்றடிக்குப் போனேன், கேற்றடிக்குப் போனேன், திரும்பி வந்தேன்.

"என்னப்பா செய்யப்போறீங்க?"

"ஞாயித்துக்கிழம மணி அடிக்கப்போறன்."

"கோயில மூடப்போறாங்க அப்பா!"

"மூடுறெண்டா மூடட்டும். உள்ளத உள்ளபடி சொல்லுவம். ஏழு பேர் எண்டா ஏழு பேர்தான்."

இதைச் சொல்லிவிட்டு எழும்பும்போது அவருடைய முழங்கால் நிமிரவில்லை. இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்துத்தான் எழும்பினார். பட்டினத்துக்குப் போகிற பஸ்ஸின் படி அவருடைய முழங்காலுக்கு எட்டாது என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அம்மா போன பிறகு அந்த மனிதருக்கு இருந்தது அந்த மணியும் அந்த ஆறு வாங்கும்தான். அதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் அழுதுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். சொல்லாதபடியால் திட்டம் போட்டேன்.

முதலில் வரலாறு. கோயில் அலுமாரியிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்தேன். கறையான் தின்று முடித்து மிச்சம் விட்டதில், கோயில் தொடங்கியதைப் பற்றி நான்கு வரி இருந்தது. ஒரு பிரசங்கியார் வாய்க்கால் வழியாக வள்ளத்தில் புத்தளத்துக்குப் போகும்போது காய்ச்சல் கண்டு இங்கே இறங்கினார், சில காலம் தங்கினார், பள்ளிக்கூடம் நடத்தினார், ஆலயம் எழும்பிற்று. அதற்குப் பிறகு வந்த பக்கங்களில் எல்லாம், கையெழுத்து மாறுகிறது, மை மாறுகிறது, செய்தி மட்டும் மாறவில்லை: கூரை ஒழுகுகிறது.

நான்கு வரியையும் ஒரு ஒழுக்குக் கூரையையும் வைத்துக்கொண்டு ஒரு கோயிலைக் காப்பாற்ற முடியாது என்று எனக்குப் பட்டது. பதினான்கு பக்கம் எழுதினேன். காய்ச்சல் புயலாயிற்று. வள்ளம் கப்பலாயிற்று. "மலைபோல் எழுந்த அலைகளின் நடுவே" என்று ஒரு வசனம் எழுதிவிட்டு நானே எழும்பி நின்று ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன், மயிர் சிலிர்த்தது. (அந்த வாய்க்காலில் தண்ணீர் இடுப்புக்கு மேல் வராது. மாடு நடந்து கடக்கும்.) கடைசிப் பக்கத்தில், இன்றும் ஏறக்குறைய ஐம்பது ஆத்துமாக்கள் கூடிவந்து ஆராதிக்கும் உயிருள்ள சபை என்று முடித்தேன். அந்த வசனத்தைப் பதில் கடிதத்திலும் எழுதி அனுப்பிவிட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதைதான். தபாலில் போட்ட பிறகுதான் ஐம்பது பேருக்கு எங்கே போவது என்ற யோசனை வந்தது.

மர்சலீன் அக்காவிடம் போனேன். ஊரில் ஒரு காரியம் ஆகவேண்டும் என்றால் மர்சலீன் அக்காவிடம்தான் போகவேண்டும். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மாலையில் கரைப் பக்க வீடுகளில் செபமாலை சொல்லும்போது தொடங்கி நடத்துகிறவர் அவர்தான். அந்தக் குரல் கடலில் நிற்கிற வள்ளத்துக்கும் கேட்கும் என்பார்கள். காலையும் மாலையும் எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ள வருவார். அள்ளும்போதே ஊர்ப் புதினம் முழுவதையும் அப்பாவுக்கு ஒப்புவித்துவிட்டுத்தான் போவார்.

விசயத்தைச் சொன்னேன். மர்சலீன் அக்கா வாளியைக் கீழே வைத்தார்.

"கோயில மூடுறதா? அப்ப கேற்ற?"

"கேற்றையும்தான் பூட்டுவாங்க. ஆளில்லாத வளவுதானே."

"சரி. எத்தின பேர் வேணும்?"

"ஒரு முப்பது பேர். சும்மா வந்து இருந்தாக் காணும் அக்கா."

"இருக்கிறது ஒரு வேலையா புள்ள? ஆறரப் பூசைக்கு முட்டுப்போட்டு எழும்பிற சனம். பத்து மணிக்கு ஒங்கட வாங்கில வந்து குந்துறதுக்கென்ன?"

சனிக்கிழமை பின்னேரம் அவருடைய வளவில் எல்லாரையும் கூட்டிப் பயிற்சி கொடுத்தேன். அங்கே ஒரு கோழிக்கூட்டின் மேல் ஏறி நின்று நான் சொன்னவை: வாசலில் தீர்த்தம் தேடவேண்டாம், எங்களிடம் இல்லை. சிலுவை அடையாளம் போடவேண்டாம். முழங்காலில் முட்டுப்போடவேண்டாம், நாங்கள் இருந்தபடியே தலையைக் குனிவோம். குருவைச் சாமி என்று கூப்பிடவேண்டாம், ஐயா என்று கூப்பிடவேண்டும். பாட்டு வந்தால் வாயை மட்டும் அசைத்தால் போதும். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும், "செபம் என்ன செய்யிற?" என்று கேட்டார். "ஐயா பண்ணுவார், நீங்க பேசாம இருங்க. கடைசியில கர்த்தர் கற்பிச்ச செபம் வரும், அது ரெண்டு பேருக்கும் பொதுதானே, நல்லாச் சத்தமாச் சொல்லுங்க" என்றேன். ஊருக்கே படிப்பித்த எனக்கு அது ஒன்றைத்தான் படிப்பிக்கத் தேவையில்லை என்று பட்டது.

ஆறு வாங்கு காணாதே என்று ரோட்டடியில் மஹ்ரூப் நானாவிடம் முப்பது கதிரை கேட்டேன். நானா கலியாண வீடுகளுக்குக் கதிரை கொடுக்கிறவர். லாண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கும்போது என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"தங்கச்சி, ஒங்கட ஏழு பேருக்கு ஆறு வாங்கு மிச்சம். இந்த முப்பதும் ஆருக்கு? மலக்குமாருக்கா?"

மலக்குமார் என்றால் அவர்கள் பேச்சில் வானதூதர்கள். ஓம் என்றேன்.

ஞாயிறு விடிந்தது. இரவு முழுக்க நான் நித்திரை கொள்ளாதபடியால் எனக்கு விடியல் என்று ஒன்று இருக்கவில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் கோயிலுக்கும் கேற்றுக்கும் இடையில் எத்தனை தடவை நடந்தேனோ, மணலில் ஒரு பாதை விழுந்துவிட்டது. குரு பஸ்ஸில் வந்து இறங்கினார். மெலிந்த, அமைதியான மனிதர். கதைக்கும்போது நாம் சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். பொய் சொல்கிறவர்களுக்கு அதைவிடத் தொல்லை வேறு கிடையாது.

மர்சலீன் அக்கா சனத்தோடு வந்தார். முப்பது கேட்டேன், முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். பெருநாள் சாரி, சென்ட் வாசனை, இஸ்திரி போட்ட சேட். அப்பா மணிக்கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"ஆரு மேசி இந்தச் சனம்?" என்று என்னைக் கேட்டார்.

"ஆண்டுவிழா தானே அப்பா. பாக்க வந்திருக்கிறாங்க."

அப்பாவின் முகத்தில் ஒரு சந்தோசம் வந்தது. பாவம், சனம் தானாக வந்ததாக அந்த மனிதர் நினைத்துவிட்டார். மணியை வழமையைவிட இரண்டு மடங்கு அடித்தார்.

முதல் அடி வாசலிலேயே விழுந்தது. காது கேட்காத எங்கள் மூன்று பேரில் ஒருவர், விழா என்று ஆசைப்பட்டு, வாசல் ஸ்டூலில் ஒரு கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் விட்டுச் செவ்வரத்தம்பூ மிதக்கவிட்டிருந்தார். தண்ணீரைக் கண்டதும் கத்தோலிக்க விரல்கள் தாமாகவே போய் நனைந்தன. நனைந்த கை நெற்றிக்கு ஏறுகிற நேரத்தில், உள்ளே நின்று கண்ணை உருட்டுகிற என்னைக் கண்டது. ஏறின கையை இறக்க வழி இல்லாமல் ஆளாளுக்குத் தலையைச் சொறிந்தார்கள். ஒருவர் நெற்றி வியர்வையைத் துடைத்தார், ஒருவர் சேட் பொத்தானைச் சரிபார்த்தார். குரு வாசலில் நின்று கைகொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, உங்கடை சபையிலை எல்லாரும் தலையைச் சொறியினம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கடற்காத்து ஐயா" என்றேன். இதற்குமேல் ஒரு முட்டாள்தனமான பதிலை நான் பிறகு இன்றுவரை சொன்னதில்லை.

உள்ளே போனால் மூன்றாவது வரிசையில் நெற்றி நிறையத் திருநீற்றோடு ஒருவர் வசதியாக உட்கார்ந்திருந்தார். உடப்பிலிருந்து மீன் எடுக்க வந்த மனிதராம். சனத்தையும் கதிரையையும் கண்டு கலியாணம் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டார். எழுப்ப நேரம் இல்லை. அவரும் கடைசிவரை எழும்பவில்லை. (சாப்பாட்டுக்கும் இருந்தார்.)

"ஜெபிப்போமாக" என்றார் குரு. ஏழு பேர் தலையைக் குனிந்தோம். முப்பத்தெட்டுப் பேரும் முட்டுப்போடப் பாதி வழி இறங்கி, கோழிக்கூட்டின் மேல் நின்று நான் சொன்னது நினைவுக்கு வந்து, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் அந்தரத்தில் நின்றார்கள். கதிரைகள் கிரீச்சிட்டன. குரு கண்ணை மூடியிருந்தது தேவனுடைய கிருபை.

அடுத்தது என்னுடைய வரலாறு. பீடத்தில் ஏறினேன். முதல் பக்கத்திலேயே புயலை எழுப்பினேன். கப்பல் தத்தளித்தது. சபை முழுக்கக் கடல் தொழில் செய்கிறவர்கள் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. பின்வரிசையில் முணுமுணுப்புத் தொடங்கியது.

"எந்த மாசம் புள்ள?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். வரலாற்றில் கேள்வி கேட்கலாகாது என்று நான் படிப்பித்திருக்கவில்லை.

"ஆடி மாசம்" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஆடியில வடக்குப் பக்கம் போற கப்பல் ஏன் கரைக்கு வந்த? காத்து அங்கால, வடக்கதான் தள்ளுமே."

"வாய்க்காலுக்குள்ள வந்து உடைஞ்சதாம்" என்று இன்னொருவர் விளக்கினார். ஒரு சிரிப்பு கிளம்பி வாங்கு வாங்காகப் போயிற்று. நான் மிச்சப் பதின்மூன்று பக்கத்தையும் மூச்சு விடாமல் வாசித்தேன். ஐம்பது ஆத்துமாக்கள் என்ற கடைசி வசனத்துக்கு வந்தபோது அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி மெதுவாக வாங்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். சந்தோசம் போய்விட்டிருந்தது. முள் எங்கே நிற்கவேண்டும் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இன்னும் ஒரே ஒரு ஜெபம், பிறகு ஆசீர்வாதம், பிறகு கேக்கும் றோல்சும். கரை தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

எங்கள் கோயில் வழக்கப்படி கர்த்தர் கற்பித்த ஜெபத்தை அப்பாதான் தொடங்குவார். தொடங்கினார். ஆரம்பத்திலேயே ஒரு சின்ன இழுபறி. நாங்கள் சொல்கிற சொல் வேறு, அவர்கள் சொல்கிற சொல் வேறு. புத்தளம் ரோட்டில் இரண்டு பஸ் ஒன்றையொன்று முந்துகிற மாதிரிக் கொஞ்சத் தூரம் போயிற்று. ஆனால் முப்பத்தெட்டுக் குரல் எங்கே, ஏழு குரல் எங்கே. கோயில் அதிர்ந்தது. அந்தச் சுவர்கள் கட்டின நாளிலிருந்து அப்படி ஒரு சத்தம் கேட்டிருக்காது. எனக்கு நெஞ்சு நிரம்பிவிட்டது. காரியம் பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

கத்தோலிக்கர் தீமையிலிருந்து காக்கச் சொல்லிக் கேட்டதும் ஆமென் சொல்லி முடிப்பார்கள். எங்களுக்கு அதற்குப் பிறகு இன்னும் ஒரு வரி இருக்கிறது. பிறந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சொன்ன வரி. அது அவர்களிடம் அந்த இடத்தில் இல்லை என்பதை நான் ஒரு நாளும் கவனித்ததில்லை.

"ஆமென்!" என்று முப்பத்தெட்டுப் பேரும் ஒரே அடியாக நிறுத்தினார்கள்.

அந்த அமைதியில், மெல்லிசாக, தனியாக, "ராஜ்யமும்..." என்று நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். ஏழு குரல். அதில் மூன்று குரல் காது கேட்காதபடியால் அரைச் சொல் பிந்தி வந்தது. ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக எண்ணலாம். குரு எண்ணிக்கொண்டிருந்தார் என்று எனக்கு முதுகெலும்பில் தெரிந்தது.

அது மட்டும் என்றால்கூட எப்படியாவது சமாளித்திருப்பேன். ஆனால் மர்சலீன் அக்காவுக்கு இருபது வருடப் பழக்கம். அந்தச் செபம் ஆமெனில் முடிந்தால் அடுத்த மூச்சில் என்ன வரவேண்டும் என்று அவருடைய வாய்க்குத் தெரியும். அவரிடம் கேட்காமல் அது திறந்தது.

"அருள் நிறைந்த..." என்று எடுத்தார்.

வள்ளத்துக்குக் கேட்கிற குரல். முப்பத்தேழு பேரும் பிடித்துக்கொண்டார்கள். மெதடிஸ்த கோயிலில், புதுக் குருவின் முன்னால், ஆண்டுவிழா அன்று, மாதாவுக்குச் செபம் பாதி வழி வரை முழங்கிற்று. இடையில் மர்சலீன் அக்கா தன் குரல் எங்கே கேட்கிறது என்று கண்ணைத் திறந்து பார்த்தார், வாயைப் பொத்தினார். சனம் கொஞ்சங் கொஞ்சமாக நின்றது. கடைசியாக நின்றவர் உடப்புக்காரர். அவருக்கு ஒன்றும் தெரியாது, மரியாதைக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

குரு கண்ணைத் திறக்கவில்லை. தலை குனிந்திருந்தது. தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத அந்த அரை நிமிடத்தில் என் வாழ்நாள் முழுவதும் முடிந்து மறுபடி தொடங்கியது. பிறகு நிமிர்ந்து, என்னை விட்டுவிட்டு, அப்பாவைப் பார்த்தார்.

"ஐயா, உங்கடை சபையிலை எத்தினை பேர்?"

அப்பா வாங்கைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "ஏழு பேர் ஐயா. இடாப்பில பதினொண்டு. இப்ப காதால நிறுத்துப் பாத்தீங்கதானே, நிறை சரி." என் பக்கம் கையைக் காட்டினார். "மகள் செஞ்சது பிழ. வளத்தது நான். என்ன மன்னிக்கவேணும்."

நிலம் பிளந்து என்னை விழுங்கவில்லை. மணல் நிலம், விழுங்குவது சுலபமாகத்தான் இருந்திருக்கும். அழுகை வந்தது, அதுவும் அழகாக வரவில்லை, மூக்கால் வந்தது.

மர்சலீன் அக்கா எழும்பினார்.

"சாமி," என்றார். (ஐயா என்று எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தேன்!) "அந்தப் புள்ளய ஏசாதீங்க. நாங்க வாடகைக்கு வந்த ஆக்கள் இல்ல. கேற்றப் பூட்டிருவாங்க எண்டு சொன்னிச்சு, அதான் வந்தம். இந்தக் கரையில எங்க தோண்டினாலும் உப்புத் தண்ணி. நல்ல தண்ணி இந்த ஒரு கிணத்திலதான். இதக் குடிச்சுத்தான் நாங்க எல்லாரும் வளந்த." என்னைத் திரும்பிப் பார்த்தார். "பதினாலு பக்கம் படிச்சியே புள்ள. கிணறு எங்க?"

பதினான்கு பக்கத்தில் கிணறு என்ற சொல்லே இல்லை.

"காய்ச்சல்ல வந்த ஐயர எங்கட பாட்டன்ட அப்பன்தான் வள்ளத்தில இருந்து தூக்கினது. சுகமானதும் அவர் கேட்டாராம், இந்தச் சனம் ஏன் இந்த உப்ப குடிக்குது எண்டு. எங்கட ஆக்களும் அவருமா எட்டு இடத்தில தோண்டி, ஒம்பதாவது இடத்தில இது வந்திச்சு. பிறகு பள்ளிக்கூடம். கோயில் கடைசியா வந்தது. கூரைக்கு மரம் எங்கட பழைய வள்ளத்த ஒடச்சது, அதாலதான் ஒழுகுது. இதெல்லாம் ஆரும் கேட்டாச் சொல்லியிருப்பம். புள்ள வந்து ஆள்தான் கேட்டிச்சு, கத கேக்கல்ல."

ஊரே சிரித்தது. குருவும் சிரித்தார், இந்த முறை வெளிப்படையாக. உட்காருங்கோ என்று சொல்லிவிட்டு ஆசீர்வாதம் சொன்னார். அப்போது முப்பத்தெட்டுப் பேரும் தாராளமாகச் சிலுவை போட்டார்கள், தடுக்க எனக்குக் கை எழவில்லை.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. ஆராதனை மாதத்தில் இரண்டு ஞாயிறு நடக்கும். வளவின் கேற்றைப் பூட்டக்கூடாது. வரலாற்றுச் சுருக்கத்தைச் செயலாளர் மீண்டும் எழுதவேண்டும், இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல், ஊராரிடம் விசாரித்து. எழுதினேன். கிணற்றில் தொடங்கினேன். பிறகு அதை வாசித்த மர்சலீன் அக்கா, "இப்ப சரி, ஆனா அந்தப் புயலும் நல்லாத்தான் இருந்திச்சு" என்றார்.

அப்பா என்னோடு பதினொரு நாள் பேசவில்லை. சொல்லவேண்டியதை எல்லாம் கிணற்றடிக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிடுவார். "சோத்துக்கு உப்புக் காணாது எண்டு அவவிட்டச் சொல்லுங்க" என்பார், நான் பக்கத்தில் நிற்கும்போதே. பன்னிரண்டாம் நாள் நான், "அப்பா, நாளைக்கு மத்தியானம் கூடப் படிப்பிக்கிற பிள்ளையள் ஒரு பத்துப் பேர் சாப்பிட வாறாங்க" என்றேன். அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டார்:

"ஆமெனுக்குப் பிறகு எத்தின பேர்?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டின் அளவுகோல். என் கலியாணத்துக்கு முந்நூறு பேர் என்றேன். ஆமெனுக்குப் பிறகு எத்தனை என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கதையைச் சொல்லவேண்டியதாயிற்று, அவர்கள் தங்கள் பங்குக்குப் பரப்பினார்கள். என் கணவர் ஞாயிற்றுச் சந்தையில் மீன்காரனிடம்கூடக் கேட்கிறார், ஒரு கிலோ என்கிறாயே, ஆமெனுக்குப் பிறகு எவ்வளவு என்று. மீன்காரனுக்கும் விளங்குகிறது.

போன வருடம் மர்சலீன் அக்கா காலமானார். இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் இல்லை. நாங்கள் ஏழு பேரில் இப்போது நடக்கக்கூடியவர்கள் நான்கு பேர்; நான்கு பேரும் போனோம், கணவரும் வந்தார். அப்பாவை இரண்டு பக்கமும் பிடித்துத்தான் கூட்டிக்கொண்டு போனோம். பெட்டி மூடுவதற்கு முன் வீட்டில் எல்லாரும் நின்று செபம் சொன்னார்கள். ஆமென் என்று வீடு நின்றது.

அப்பா நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "ராஜ்யமும்..." என்று போய்க்கொண்டிருந்தார். என் கணவர் பழக்கதோசத்தில் என் காதுக்குள், "ஆமெனுக்குப் பிறகு ஒராள்தான்" என்றுவிட்டு, சொன்ன இடத்தை உணர்ந்து நாக்கைக் கடித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்பா முடித்துக் கண்ணைத் திறந்தார். எல்லாரும் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. அவர் பெட்டிக்குள் பார்த்து, "சரி மர்சலீன், இனி நீ எடு" என்றார்.

அந்த இடத்தில் எப்போதும் எடுக்கிறவர் அவர்தான். இருபது, முப்பது வருடமாக வேறு யாரும் எடுத்துப் பழகவில்லை. மகள்மார் வாயைத் திறந்தார்கள், சத்தம் வரவில்லை. வீடு அப்படியே நின்றது, நேரம் போய்க்கொண்டிருந்தது. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை, சும்மா நிற்க எனக்குத் தெரியாது என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன்.

"அருள் நிறைந்த..." என்று நான் எடுத்தேன்.

ஒவ்வொரு பின்னேரமும் கடற்கரைப் பக்கமிருந்து கேட்டு வளர்ந்தது, ஒரு சொல் பிசகாமல் வந்தது. இரண்டாவது சொல்லுக்குள் வீடு முழுக்க என்னோடு சேர்ந்துகொண்டது. அப்பா மட்டும் வாய் திறக்கவில்லை. மெதடிஸ்தக்காரன் மாதாவுக்குச் செபம் சொல்லமாட்டான். ஆனால் கடைசியில் வந்த ஆமெனை எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது அவர் கேற்றடியில் நின்று மூச்சு வாங்கினார்.

"மேசி, இத மட்டும் கோயில் வரலாத்தில எழுதிடாத" என்றார்.

கோயில் வரலாற்றில் எழுதவில்லை.